முதல் ரொட்டி

அடுப்பில் ரொட்டி கருகினால் இன்றும் என் காது தப்பு மேளச் சத்தத்தைத் தேடுகிறது.

சீனச் சண்டை நடந்த காலம். இலங்கை ராகலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடுகளிலிருந்து இரண்டு பேர் இந்தியாவுக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்திருந்தார்கள். ஒருவர் அம்மாவின் தம்பி. மற்றவர் கருப்பாயி அத்தையின் மகன். ஒரு மாலை மேல் லயத்தில் சாவுத் தப்பு அடித்தது. ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மா அசையவில்லை. கல்லில் கிடந்தது கருகிப் புகைந்தது.

அப்பா ஓடி வந்தார். "ஒன் தம்பி இல்ல புள்ள. கருப்பாயி மவன்."

"அப்பாடா" என்ற அம்மா, உடனே மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அன்று சுட்ட நல்ல ரொட்டியெல்லாம் அடுப்பு மூட்டாத அந்த வீட்டுக்குப் போயின.

மாமா உயிரோடு வந்தார். ஆனால் அவரே பசியோடு உட்கார்ந்திருந்தாலும், முதல் ரொட்டி அத்தைக்குப் போய்ச் சேரும்வரை அம்மா அவருக்குத் தட்டு வைத்ததில்லை.