ஏலக்காரரின் பழைய கம்ப்யூட்டர்

ஸ்டோர்க்காரம்மாவிடம் ஒரு பொருள் போய்ச் சேர்ந்துவிட்டால், எமனே வந்து கேட்டாலும் ரசீது இல்லாமல் வெளியே வராது. முப்பது வருடம் உதிரி பாகக் கிடங்கில் வேலை பார்த்தவள். பெட்டியின் மேல் ஐம்பது என்று எழுதியிருந்தாலும் பிரித்து எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்டிப்பெல்லாம் வீட்டின் தலையில் விடிந்தது. வாசல் சாவிக்கு மூன்று நகல், கரண்ட் பில்லுக்கு இரண்டு. "என்னையும் ஒரு காப்பி எடுத்து வெச்சுக்க" என்று கணவர் கிண்டல் செய்வார்.

அவர் காய்கறி மண்டியில் ஏலம் விட்டவர். ஊரே அவரை ஏலக்காரர் என்றுதான் கூப்பிட்டது. மைக் கிடையாது, "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று அவர் எழுப்பும் குரல் மண்டியின் கடைசி மூட்டை வரை கேட்கும். வீட்டில் சண்டை முற்றினாலும் அதே பாட்டுதான். மூணு தரம் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது, சாப்பாடு போடு என்று அர்த்தம். அந்தத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். நோய்க்குக் கொஞ்சமாவது வெட்கம் இருந்திருந்தால் வேறு இடம் பார்த்திருக்கும்.

ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருந்தது. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரில் ஒரு சின்ன புரோகிராமைப் போட்டுக் கொடுத்தாள். ஒரு வாக்கியத்தைப் பேசிப் பதிவு செய்து கீபோர்டில் ஒரு பட்டனுக்கு ஒதுக்கிவிட்டால், அப்புறம் பட்டனைத் தட்டினால் அது பேசும். ஸ்டோர்க்காரம்மா பட்டியல் போட்டாள்: தண்ணி வேணும், வலிக்குது, டிவி சத்தத்தைக் குறை. வலியைப் பொறுத்துக்கொண்டு அவர் எல்லாவற்றையும் பேசினார். பட்டியலில் இல்லாத சிலதையும் தன் பங்குக்குச் சேர்த்தார். சபாஷ். உன் இஷ்டம். மூணு தரம். சாப்பிட்டியா. கூடத்திலிருந்து அவளைக் கூப்பிட, "ஏ, இங்க வாயேன்."

ஆறு வருடம் அந்த வீட்டில் அவர் பேச்சு அப்படித்தான் நடந்தது. "இங்க வாயேன்" பட்டனில் எழுத்தே தேய்ந்துபோயிருந்தது.

கம்ப்யூட்டருக்கும் வயதாகிவிட்டது. மாதாமாதம் டாக்டர் அதில்தான் முகம் பார்த்து, மூச்சு விட ஆபரேஷனில் போட்ட கழுத்துத் துளையைக் காட்டச் சொல்லி, மருந்து சொல்வார். அடுத்த மாதத்திலிருந்து பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் டாக்டரைப் பார்க்கும் அந்த வெப்சைட் திறக்காது என்று மருத்துவமனை தகவல் அனுப்பியது. நேரில் போகலாம்தான். மூன்று மணி நேர பஸ், புழுதி, துளை வழியாக இருமல். போன தடவை பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் தேடிப் போனார். அன்றிலிருந்து ஏலக்காரர் பஸ் என்றாலே தலையை ஆட்டிவிடுவார். காட்டாமல் இருக்கவும் முடியாது. துளைக்குக் கீழே புதிதாக ஒரு சின்னக் கட்டி தென்பட்டது.

தெருமுனை ரிப்பேர்க்காரர் வந்து பார்த்தார். புதுசு போட்டால் அந்தப் பழைய புரோகிராம் ஓடாது, ஆனால் பதிவு செய்த குரல் இருந்தால் வேறொன்றில் ஏற்றிவிடலாம் என்றார். "மொத்தமா அழிச்சிட்டுத்தான் போடணும்மா. வேணும்னா நானே காப்பி எடுத்துடறேன்."

"எடுத்து வெக்கிற வேலைய எனக்குச் சொல்லித் தராதீங்க" என்றாள் அவள்.

ஒரு வாரம் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காப்பி எடுத்தும் குரல் திரும்ப வராமல் போய்விட்டால்? குரலா, கட்டியா? அவரையே கேட்டாள். அவர் "உன் இஷ்டம்" பட்டனைத் தட்டினார். எந்தச் சட்டை போடுவது என்று கேட்டால் சொல்லப் பதிவு செய்தது அது. இதற்கும் அதுதானா என்று அவளுக்குக் கோபம் வந்தது, பயமும் வந்தது.

கடைசியில் துணிந்துவிட்டாள். திரையில் அந்தக் குரல் புரோகிராமுக்கு இருந்த மைக் படத்தை இழுத்து பென்டிரைவில் போட்டாள். ஒன்று போதாதென்று இரண்டு பென்டிரைவ். ஒவ்வொன்றையும் திறந்து, அந்தப் படத்தைத் தட்டிச் சோதித்தாள். இரண்டிலும் அவர் குரல் கணீரென்று வந்தது. ஏலக்காரர் தன் பங்குக்கு "சபாஷ்" தட்டினார்.

ரிப்பேர்க்காரர் பழையதை அழித்தார், புதியதைப் போட்டார், பென்டிரைவைச் செருகினார். ஒரு சத்தமும் இல்லை. இரண்டாவதைச் செருகினார். உள்ளே இருந்ததைத் திறந்து பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "அம்மா, நீங்க எடுத்தது வெறும் படம். குரல் இருக்கற எடத்துக்கு அது வழிதான் காட்டும். நீங்க தட்டிப் பாத்தப்ப பழைய எடத்துலேர்ந்துதான் பேசியிருக்கு."

அழித்ததை மீட்க அவர் இரண்டு நாள் மல்லுக்கட்டினார். ஒரு வார்த்தை தேறவில்லை. ஸ்டோர்க்காரம்மாவுக்கு அதற்கு மேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெட்டியைப் பிரிக்காமல், மேலே ஒட்டிய சீட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். முப்பது வருடத்தில் செய்யாத தப்பு, இந்த ஒன்றில் போய்ச் செய்தாள். ஏலக்காரர் அவள் முதுகில் கை வைத்தார். திட்டியிருந்தால்கூட தேவலை என்றிருந்தது அவளுக்கு. திட்டத்தான் குரல் இல்லையே.

புதிய சிஸ்டத்தில் டாக்டரின் முகம் கண்ணாடி போலத் தெரிந்தது. கட்டியை உற்றுப் பார்த்தார். "இதைத் தொட்டுப் பாக்கணும். நேர்ல கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவள் அடுப்படியில் நின்றிருந்தபோது யாரோ தட்டும் சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு போய் வாசல் கதவைத் திறந்தாள். தெருவில் ஆளில்லை. கதவைச் சாத்தும்போது மறுபடி தட்டல். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு இன்னொரு தடவை திறந்தாள். மூன்றாவது தட்டல் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

திரும்பினாள். கூடத்தில் ஏலக்காரர் கையில் கரண்டியோடு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். அவள் இரண்டு தடவை வாசல் கதவைத் திறந்ததைப் பார்த்துக்கொண்டேதான் மேஜையைத் தட்டியிருக்கிறார்.

"நீங்களா கூப்ட்டீங்க?" என்றாள்.

அவர் கரண்டியை வைத்துவிட்டு நோட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார். எழுத அவருக்கு நேரமாகும். இனி "இங்க வாயேன்" என்பது அந்தக் கரண்டிதான் என்று புரிந்து, அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.