சிவப்புப் பெருக்கல் குறி போட்ட சட்டை

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு போன் லைன். அதில் இன்டர்நெட் ஓடும்போது போன் பேச முடியாது. போன் பேசினால் இன்டர்நெட் ஓடாது. மாடியில் அம்மா ரிசீவரைத் தூக்கினாலே போதும், கீழே அப்பா அரை மணி நேரமாகக் காத்திருந்த மெயில் பாதியில் நின்றுவிடும். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் எங்கள் பனியன் கம்பெனி வீட்டின் கீழ்த்தளத்திலேயே இருந்தது. தையல் மெஷின்களின் இரைச்சலையும் மீறி அப்பா பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்கும்.

எனக்கு அப்போது பத்து வயது. அதுவரை பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு, முதல் முறையாகச் சொந்தமாக ஒரு வெளிநாட்டு ஆர்டர் கிடைக்கும் போலிருந்தது. குழந்தைகள் டி-ஷர்ட். மெயிலில் வரும் டிசைன்படி சாம்பிள் தைத்து ஒரு வாரத்துக்குள் அனுப்ப வேண்டும். பிடித்தால் ஆர்டர். அந்த மெயில்தான் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

சோமனூரிலிருந்து மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. மூன்று மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவர். அந்த மூன்று மாதத்தை வைத்துக்கொண்டு அவர் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. மோடம் போடும் கீச்சுச் சத்தம்தான் வேகத்தைத் தின்கிறது என்று முதலில் அதை அடக்கினார். திரையில் இருந்த முருகன் படம் பாரம் என்று எடுத்தார். செட்டிங்ஸில் வேகத்துக்கு நேராக இருந்த எண்களில் ஆகப் பெரியதைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். மோடம் எதற்கும் மசியவில்லை. கடைசியில் எங்கேயோ ஒரு டிக்கை எடுத்தார். மெயில் பட்டென்று திறந்தது.

"வேண்டாததெல்லாம் நிறுத்திட்டேனுங்க மச்சான்" என்றார். எதை நிறுத்தினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மா அவருக்குக் கச்சாயம் சுட்டுக் கொடுத்தாள்.

மெயிலில் அளவு, நிறம் எல்லாம் இருந்தன. கீழே உள்ள படத்தை நெஞ்சில் அச்சடிக்க வேண்டும் என்றும் இருந்தது. கீழே ஒரு காலிக் கட்டம். அதன் மூலையில் சின்னதாக, சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. பிரிண்டிங் பட்டறைக்காரர் அந்த மெயிலை அச்செடுத்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, வெறுங் கட்டந்தானுங்களா?"

"ஆர்டரு குடுக்கற பையர் கேட்டதப் போட்டுக் குடுக்கோணுமுங்க. நாம கேள்வி கேட்டா ஆர்டரு அடுத்த கம்பெனிக்குப் போயிருமுங்க" என்றார் அப்பா.

ஓட்டை போட்ட பனியனுக்கே ஆர்டர் எடுத்து, ஓட்டைகளை அளந்து தைத்துக் கொடுத்த ஊர் இது. பட்டறைக்காரர் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார். கட்டம் இம்மி பிசகாமல் வந்திருந்தது.

சாம்பிள் போய்ச் சேர்ந்ததும் இந்த ஆர்டரைக் கொண்டுவந்த ஏஜென்ட் சென்னையிலிருந்து போனில் கூப்பிட்டார். அப்பா "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, மெயிலில் படங்களைக் காட்டும் அந்த டிக்கைத் திரும்பப் போடும்படி மாமாவிடம் சொன்னார். மெயில் பழையபடி ஊர்ந்தது. கட்டத்துக்குள் முதலில் இரண்டு காதுகள் வந்தன. பிறகு நெற்றி. மூக்கு வருவதற்குள் மாமா தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். சைக்கிள் ஓட்டும் கரடி ஒன்று முழுதாக இறங்கி முடிக்கும்வரை அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. ஆர்டர் அதற்குள் அடுத்த கம்பெனிக்குப் போயிருந்தது.

மாமாவை அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அனுப்பும் சாம்பிளைப் போலவே ஒன்று தைத்துக் கம்பெனியில் வைத்துக்கொள்வது வழக்கம். அது என் அளவுக்குச் சரியாக இருந்தது. அப்பா தைத்த சட்டை யாருக்கும் வேண்டாமென்றால் நான் போட்டுக்கொள்கிறேன் என்று, தினமும் பள்ளிவிட்டு வந்ததும் அதையே மாட்டிக்கொண்டு அவர் மேஜைக்கு முன்னால் போய் நிற்பேன். "வேற போட்டுக்க கண்ணு" என்று அம்மா கெஞ்சுவாள். எரிச்சலாக இருக்கும், கேட்க மாட்டேன். அப்பா ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அவரைத் தேற்றிக்கொண்டிருப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன்.