கழிப்பறைக் கதவு எந்தத் தொகுதி?

எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு தொகுதியில். வீடுகள் இந்தப் பக்கம், அடுத்த தொகுதியில்.

பெண் பிள்ளைகளின் இரண்டு கழிப்பறைக்கும் கதவு போய் மூன்று மாதம். கல்வி மாவட்ட அலுவலகம், "எம்.எல்.ஏ.வைப் பாருங்கள்" என்றது. இன்று திராட்சைத் தோட்ட வேலைக்கு லீவு போட்டுவிட்டு நானும் பக்கத்து வீட்டுச் செல்வியக்காவும் மனுவோடு கிளம்பினோம்.

பள்ளிக்கூடத்துத் தொகுதி எம்.எல்.ஏ.வின் உதவியாளர் சொன்னார்: "ஒங்க ஓட்டு அங்கனல்ல இருக்கு? அவுகளையே கேளுங்க."

அடுத்தவருடைய உதவியாளர்: "ஓட்டு நம்மளுதுதான்மா. கட்டடம் அவுக தொகுதியில்ல இருக்கு?"

ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் எங்கள் பிள்ளை ஒருத்தி நல்ல மார்க் எடுத்தபோது, "எங்கள் தொகுதியின் பெருமை" என்று இரண்டு எம்.எல்.ஏ.வுமே தங்கள் படம் போட்டுப் பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அவை இன்னும் நிற்கின்றன.

நின்றன. திரும்பி வந்ததும் செல்வியக்கா இரண்டையும் அவிழ்த்து, கழிப்பறைக்கு ஒன்று எனக் கதவாகக் கட்டிவிட்டார்.

டீச்சர் பதறிப்போனார். "யக்கா, அவுக மூஞ்சி உள்ள பாத்தாப்ல இருக்கு!"

அக்கா திருப்பிக் கட்டினார். "வெளிய பாத்துக் காவலுக்கு நிக்கட்டும்."

முதல்முறையாக இரண்டு எம்.எல்.ஏ.வும் எங்கள் பள்ளிக்கு வேலை செய்கிறார்கள். திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடலாம், சொல்லுங்கள்.