துணி போர்த்திய கண்ணாடிப் பெட்டி

போன வருஷம் ஆடி மாதம் அது. திருச்சியில் ஒரு கல்லூரிக்குள் சின்னதாக ஓர் அருங்காட்சியகம் திறக்க இருந்தார்கள். கண்ணாடிப் பெட்டி செய்யும் வேலை எனக்குக் கிடைத்தது. நான் எட்டாவது வரை படித்தவன். எடமலைப்பட்டி புதூரில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன்.

நடுப் பெட்டிதான் பெரியது. அதில் வைத்திருந்த பொருள், உப்பிலியபுரத்துக்கு மேலே மலையில் இருக்கும் ஓர் ஊருடையது. எப்போதோ யாரோ ஆராய்ச்சிக்கென்று வாங்கி வந்து, கல்லூரி அலமாரியிலேயே கிடந்ததாம். அது என்ன பொருள் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள் பிள்ளைகளே.

திறப்பு விழாவுக்கு முதல் நாள், அந்தப் பெட்டிக்குள் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தேன். என் வயதுக்காரர் ஒருவரும், அதே கல்லூரியில் படிக்கும் அவர் மகளும் உள்ளே வந்தார்கள். வந்ததும் வராததுமாக இரண்டு பேரும் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நானும் அந்தச் சுவரைப் பார்த்தேன். ஒரு பல்லிகூட இல்லை.

அருங்காட்சியகத்தைக் கவனித்துக்கொள்ளும் மேடம் அவரோடு பேச வந்தார். முதுகோடு எவ்வளவு நேரம் பேசுவது? சுற்றிப் போய், சுவருக்கும் அவருக்கும் நடுவில் ஒடுங்கி நின்றுகொண்டார்.

"மரியாதை இல்லாம நிக்கறேன்னு நினைக்காதீங்க மேடம். பொண்ணு அழைப்பிதழ்ல போட்டோவப் பாத்துட்டுப் போன் பண்ணுச்சு. கிடைச்ச பஸ்ஸைப் புடிச்சு ஓடி வந்தேன். இது எங்க சாமியோடதுங்க. இதுக்கு ஜோடி ஒண்ணு ஊர்ல இருக்கு. திருவிழா அன்னைக்கு மட்டும்தான் துணியப் பிரிப்போம். மத்த நாள்ல யாரும் பாக்கறதில்ல. நாளைக்கு எல்லாரும் வந்து பாப்பாங்கன்னா..." என்று இழுத்தார் அவர்.

மேடம் முகம் வாடிவிட்டது. விழாவுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட இருந்ததே அதைத்தான். "நீங்க சரின்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டா போதுமே?" என்று கேட்டார்.

"நான் சரின்னா அது நான் சொன்னதுங்க. ஊர் சொன்னதாகாது."

"அப்ப மேல பேசி, உங்ககிட்டயே குடுக்க ஏற்பாடு பண்ணட்டுமா?"

"அதையும் ஊர் கூடித்தாங்க முடிவு பண்ணணும். அதுவரைக்கும் மூடி வைங்க, போதும்."

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. "ஏங்க, பாத்தா என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டேன்.

"நான்தான் திருவிழா தவிர மத்த நாள்ல பாத்ததில்லையே, எனக்கு எப்படித் தெரியும்?" என்று சுவரைப் பார்த்தபடியே சிரித்தார்.

"அங்கிள்தான் தினமும் பாக்கறாங்களேப்பா. அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க" என்றது அந்தப் பெண்.

"இடுப்பு வலிதாம்மா" என்றேன்.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு ஸ்ரீரங்கத்தில் வீடு. "சந்நிதியில திரை போட்டிருந்தா நாங்க வெளியிலதானே நிப்போம்? ஒரு நாளும் விலக்கிப் பாத்ததில்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "மூடிடலாம். நாளைக்கு வர்றவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார்.

வந்தவர் மஞ்சப்பையிலிருந்து ஒரு புது வேட்டியை எடுத்து, திரும்பாமலே பின்னால் நீட்டினார். "நீங்க ஏற்கெனவே பாத்துட்டீங்க. நீங்களே போத்திடுங்கண்ணே."

வேட்டியை விரித்துப் பெட்டி மேல் போட்டேன். பின்பக்கம் விளக்கு வயர் துணியைத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்தச் சந்து வழியே உள்ளே தெரிந்தது. ஆசையாக மாட்டிய விளக்கைக் கழற்றி, வயரை உருவி, துணியை இழுத்துவிட்டேன். சுற்றிச் சுற்றி வந்தேன். தரையில் குந்தி உட்கார்ந்தும் பார்த்தேன்.

"இப்பத் திரும்பலாங்க" என்றேன். சொன்ன பிறகு எனக்கே பயமாக இருந்தது. நான் எங்கேயாவது அசட்டையாக விட்டிருந்தால், அவர் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிடுவார். முன்பின் தெரியாத என் வார்த்தை ஒன்றுதான் அவருக்குப் பிடிமானம். அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினார். பெட்டியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

கம்ப்யூட்டரில் இருந்த படத்தையும் எடுக்கச் சொன்னார் மேடம். அளவுக்காக என் போனில் எடுத்திருந்த படங்களை நானும் அழித்தேன். மறுநாள் பெட்டி முன்னால் ஓர் அட்டை இருந்தது: 'இதைக் காட்டலாமா என்பதை இதற்குரிய ஊர்தான் சொல்ல வேண்டும். காத்திருக்கிறோம்.' மற்ற பெட்டிகளை விட்டுவிட்டு ஜனம் அங்கேதான் மொய்த்தது. ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. துணி இன்னும் விலகவில்லை.

"உருண்டையா, நீளமா? அதையாவது சொல்லுங்கப்பா" என்று என் பிள்ளைகள் இன்றும் நச்சரிக்கிறார்கள். உங்களுக்கும் அதே கேள்விதான் இருக்கும். கேட்பது தப்பே இல்லை, நானும் கேட்டவன்தான். ஆனால் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், என் ஒரு வார்த்தையை நம்பித் திரும்பிய அந்த மனிதர் இன்னும் என் முன்னால் நிற்பதுபோல் இருக்கிறது. நான் பேசாமல் இருந்துவிடுகிறேன்.