சிவப்புக் கோட் பியற்றிஸ்

லண்டன் எட்மண்டனில் தமிழ்ப் பூசைக்கு வரும் பியற்றிஸ்மார் மூன்று பேர். ஒருத்தி நெட்டை பியற்றிஸ், ஒருத்தி கறுத்த பியற்றிஸ். மூன்றாமவளுக்கு உயரத்திலோ நிறத்திலோ சொல்ல ஒன்றுமில்லை, வாய் இருந்தது. ஆகவே அலட்டல் பியற்றிஸ் ஆனாள். செபமாலையில் ஒரு பத்து மணிக்கும் அடுத்த பத்து மணிக்கும் இடையில் மீன் விலை சொல்லிவிடுவாள். ஆண்டவர் பொறுத்துக்கொண்டார்; சனம் பெயர் வைத்தது.

மகள் ஷெறோனுக்குச் சம்பந்தம் வந்தபோதுதான் அந்தப் பெயர் அவளுக்கு உறைத்தது. ஸ்ட்ரெதமிலிருந்து அருமைநாயகி என்ற கைம்பெண், தன் மகன் கிருசாந்தனுக்குப் பெண் பார்க்க வருகிறாளாம். பொடியனின் படம் ஷெறோனுக்குப் பிடித்திருந்தது. அலட்டல்காரியின் மகளை யார் எடுப்பார்கள் என்பதுதான் தாயின் கவலை.

வயோதிபர் இல்லச் சமையலறையில் அவளோடு வேலை செய்யும் குவென் வேல்ஸ்காரி. அவளிடம் குறையைக் கொட்டினாள். தங்கள் நாட்டிலும் பழைய காலத்தில் அப்படித்தான், ஒரே பெயரில் பல பெண்கள் இருந்தால் சிவப்பி, கறுப்பி, சின்னவள், நெட்டை என்று தோற்றத்தைப் பெயரோடு ஒட்டிவிடுவார்கள் என்றாள் குவென். சிவப்பி என்பது தலைமயிரின் நிறத்துக்காம்.

பியற்றிஸ் யோசித்தாள். தலைமயிர் கிடக்கட்டும், உடுப்பை மாற்றலாமே. பழைய உடுப்புக் கடையில் இரத்தச் சிவப்பில் ஒரு கோட் வாங்கினாள். மழையோ வெயிலோ, பூசைக்கு அதோடுதான். வாயையும் இறுக்கிக்கொண்டாள். தவக்காலத்து ஒறுத்தல் என்று சுவாமியாரிடமே சொன்னாள். பெரிய பொய்யில்லை; அவளுக்கு அது ஒறுத்தல்தான். பாஸ்கு, அதுதான் ஈஸ்டர், வருவதற்குள் சனம் அவளைச் சிவப்புக் கோட் பியற்றிஸ் என்றது.

பாஸ்கு முடிந்து அருமைநாயகி மகனோடு வந்தாள். பியற்றிஸ் வீட்டுக்குள்ளும் கோட்டைக் கழற்றவில்லை. தேத்தண்ணி கொடுத்தாள், சிரித்தாள், எது கேட்டாலும் "ஓம்" என்றாள். கிருசாந்தன் தட்டிலிருந்த றோல்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். தாய்க்குக் காய்ச்சலோ என்று ஷெறோன் பயந்தாள்.

அருமைநாயகியின் முகம் வாடியது. கைப்பையை எடுத்தாள்.

"குறை நினையாதேங்கோ பிள்ளை. உங்களை அலட்டல் பியற்றிஸ் எண்டு சொன்னவை. அந்த நம்பிக்கையிலைதான் வந்தனாங்கள். இவன் வாய் துறக்கமாட்டான், தேப்பனும் அப்பிடித்தான் இருந்து போய்ச் சேந்தவர். எங்கடை வீட்டிலை பிரிஜ் மட்டும்தான் சத்தம் போடுறது. இஞ்சையும் இதே கதியெண்டால் எனக்கு என்னத்துக்குச் சம்பந்தம்?"

பியற்றிஸ் கோட்டைக் கழற்றிக் கதிரையில் எறிந்தாள்.

"இருங்கோ அக்கா. தவக்காலம் முழுக்க அடக்கி வைச்சிருக்கிறன். எங்கையிருந்து துடங்க?"

தவக்காலத்தின் முதல் நாளிலிருந்து தொடங்கினாள். தேத்தண்ணி ஆறியது. கிருசாந்தன் நிம்மதியாக றோல்ஸ் முழுவதையும் தின்று முடித்தான். கலியாணத்துக்கு நாள் கேட்க அருமைநாயகி மேசையில் தட்ட வேண்டியிருந்தது.