ரோட்டோரத்தில் வைத்த ஹெல்மெட்

பேய்க்கதை தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். கடலில் பல நாள் படகில் கிடந்தவன், பழத்தோட்டக் கொட்டில்களில் தனியாகப் படுத்தவன், இருட்டுக்குப் பயப்பட எனக்கு நேரம் இருந்ததில்லை. பள்ளிக்கூடமும் பாதியில் விட்டதுதான், ஆனால் கண்ணால் கண்டதைத்தான் நம்புவேன். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் நான் கோபிக்க மாட்டேன்.

அப்போது வெரிபீ என்கிற புறநகரில் சிவம் அண்ணையோடு ஒரு வீட்டில் இருந்தேன். சொந்தக்காரர் இல்லை, ஒரே ஊரும் இல்லை, வாடகைக்கு அறை தேடிப் போன இடத்தில் கிடைத்த அண்ணை. அவருக்கு நுரையீரல் பழுது. நாள் முழுக்க மூக்கில் குழாய், கரண்டில் ஓடும் ஒட்சிசன் மெஷின். கரண்ட் நின்றால் மூலையில் ஒரு சிலிண்டர் இருக்கிறது, ஆனால் அதன் திருகு சரியான இறுக்கம், அவருடைய விரல்களுக்கு அந்தப் பலம் இல்லை. திறப்பது எப்போதும் நான்தான்.

அன்று பின்னேரம் பக்கத்து ஊரான பொயிண்ட் குக்கில் ஒரு வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நிற்கிறேன், வானம் கறுத்து, காற்று ஆளைத் தள்ளுகிறது, போன் அடித்தது.

“தம்பி, கரண்ட் போட்டுது. மெஷின் நிண்டுட்டுது. வாறியோ?”

“வாறன் அண்ணை. கதையாமல் இருங்கோ.”

அம்புலன்சுக்கும் அடித்தாராம், மரங்கள் விழுந்து பாதை மறித்ததால் சுணங்கும் என்றார்களாம். பக்கத்து வீட்டில் பகலில் ஆட்கள் இல்லை. மழை முகத்தில் கல்லாக அடிக்க வண்டியை விட்டேன். பாதி வழியில், இரண்டு பக்கமும் வெறும் புல்வெளி உள்ள இடத்தில், பின் டயர் காற்றுப் போய் வண்டி ஆடத் தொடங்கியது. பார்த்தால் ஒரு முழு ஆணி.

இங்கே மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்குப் பின்னால் ஹெல்மெட்டை நிலத்தில் வைத்தால், உதவி வேண்டும் என்று அர்த்தம், இன்னொரு ஓட்டக்காரன் கண்டால் நிற்பான். தோட்டத்தில் வேலை செய்த ஒரு வெள்ளைக்காரன் சொல்லித் தந்தது. நானும் வைத்தேன், அவசரத்தில் வாய் மேலே பார்க்க வைத்துவிட்டேன். ஒருவரும் நிற்கவில்லை. அந்த மழையில் யார் ஓடப் போகிறார்கள். ஆணியைப் பிடுங்கி, ஓட்டையில் ரப்பர் திரியைக் குத்தி, கைப்பம்பால் காற்றடித்தேன். விரல் வழுக்கி வழுக்கி, திரி உள்ளே போகவே மாட்டேன் என்றது. இடையில் போன் எடுத்தேன், அண்ணை எடுக்கவில்லை.

என் வாழ்க்கையில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த இடங்கள் குறைவு. ஊரில் அப்பா செத்தபோது, படகில் வந்தவர்களை அடைத்து வைக்கும் முகாமில் நான் இருந்தேன். அந்த ரோட்டில் முழங்காலில் இருந்துகொண்டு அதைத்தான் நினைத்தேன், இதற்கும் பிந்தப் போகிறேன் என்று.

வேலை முடித்து ஹெல்மெட்டை எடுத்தேன். நம்பினால் நம்புங்கள், அவ்வளவு மழைக்கு அது சட்டி மாதிரி நிரம்பியிருக்க வேண்டும். உள்ளே காய்ந்து கிடந்தது. தலையில் மாட்டினால் இளஞ்சூடு, யாரோ இப்போதுதான் கழற்றி வைத்த மாதிரி. யோசிக்க நேரம் இல்லை, ஓடினேன்.

வீட்டுக் கதவு பூட்டித்தான் இருந்தது, என் திறப்பால்தான் திறந்தேன். உள்ளே அண்ணை கதிரையில் சாய்ந்திருக்கிறார், முகத்தில் மாஸ்க், சிலிண்டர் சீறிக்கொண்டிருக்கிறது.

“என்னடா, திரும்பியும் வாறாய்?”

யார் திறந்தது என்று கேட்டேன்.

“நீ தானே. ஹெல்மெட்டும் கழட்டாமல் வந்து நிண்டாய். கழட்டடா எண்டன், கேக்கேல்லை. சிலிண்டரைத் திறந்தாய், மெஷின்ர பிளக்கைப் புடுங்கினாய், ஒரு கதையும் இல்லாமல் போயிட்டாய்.”

“அண்ணை, நான் ரோட்டில நிண்டனான்.”

“விசர்க்கதை கதையாதை.”

அந்த நேரத்தில்தான் கரண்ட் வந்தது, வந்த மாதிரி வரவில்லை, அளவுக்கு மிஞ்சிப் பாய்ந்தது. பல்ப் வெள்ளையாக எரிந்து வெடித்தது, டிவி கருகி மணந்தது, பிரிட்ஜ் அன்றோடு சரி. மெஷின் மட்டும் தப்பியது, அதன் பிளக் நிலத்தில் கிடந்தது.

ஒட்சிசன் குறைந்தால் மனிதர் இல்லாததையெல்லாம் காண்பார்கள் என்று அண்ணையைப் பார்க்க வரும் நர்ஸ் பிறகு சொன்னார். சரி, காணட்டும். கண்டது சிலிண்டரைத் திறக்குமா? அண்ணை தானே திறந்திருப்பார், உயிர்ப்பயத்தில் பலம் வந்திருக்கும் என்றும் யோசித்தேன். அடுத்த நாள் சிலிண்டரை மூடி அவரிடமே கொடுத்துத் திறக்கச் சொன்னேன், திருகு அசையக்கூட இல்லை.

இப்போது வேறு ஹெல்மெட் வாங்கிவிட்டேன். மழை நாளில் வண்டிச் சத்தம் கேட்டால், அண்ணை உள்ளே இருந்தே, “முதல்ல மூஞ்சையைக் காட்டு” என்பார், நானும் கழற்றிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன். பழையது கராஜில் தொங்குகிறது, எறிய மனம் வரவில்லை. புயலடிக்கிற நாட்களில், வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாலும், எழும்பிப் போய் அதற்குள் கையை விட்டுப் பார்ப்பேன்.

பெரும்பாலும் குளிர்ந்துதான் இருக்கும்.