பெஞ்சக்காவின் பத்து நிமிடம்

ஆட்டத்துக்கு முன் அவள் கையுறைகளை நனைப்பாள். குழாயை முழுதாகத் திறக்க மாட்டாள். நூலாக ஒழுகவிட்டு, உள்ளங்கைப் பக்கத்தை மட்டும் காட்டி, ஒவ்வொரு விரலையும் அடியிலிருந்து நுனிவரை பிழிவாள். பிறகு இரண்டையும் ஒட்டிப் பிரித்துப் பார்ப்பாள். பிரிய மனமில்லாததுபோல அவை மெல்ல விலக வேண்டும்; அப்போதுதான் பந்து பிடிபடும். பந்து அவளிடம் வந்ததே இல்லை என்பது வேறு விஷயம். ஆட்டம் முடிவதற்குள் கையுறை காய்ந்துவிடும்.

நாட்டின் பெண்கள் கால்பந்து அணிக்கு அவள் இரண்டாவது கோல்கீப்பர். ஒன்பது வருஷமாக இரண்டாவது. ஒரு நிமிடம்கூட உள்ளே இறங்கியதில்லை. சின்னப் பெண்கள் ‘பெஞ்சக்கா’ என்று கூப்பிட்டார்கள். அன்பாகத்தான். ஆனாலும் பெஞ்சு பெஞ்சுதான்.

நான்கு நாடுகளை அழைத்து நடத்திய அந்தப் போட்டியோடு சரி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பார்சல் கிடங்கில் சூப்பர்வைசர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இனி ஒரு நாள்கூட லீவு கிடையாது என்று.

ஹோட்டலில் இரண்டு பேருக்கு ஓர் அறை. அணியில் ஒற்றைப்படை, மிஞ்சியவள் அவள். ஒரு கட்டிலில் பையைக் கிடத்திவிட்டு இன்னொன்றில் படுத்தாள். பக்கத்து அறையில் சிரிப்புச் சத்தம். எதற்கென்று தெரியாமலே ஒரு தடவை அவளும் சிரித்துவைத்தாள்.

தம்பி போனில் கேட்டான். “இந்தத் தடவையாவது டிவியில தெரிவியாக்கா?”

“தெரிவேன்டா. தண்ணி பாட்டில் கொடுக்கறப்ப.”

“கோச் மேடம்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாரேன்.”

“கேட்டு வாங்கினா அது பிச்சடா,” என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகு, கேட்டிருக்கலாமோ என்று வெகுநேரம் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி ஆட்டத்தில் ஜெயித்தாலும் தோற்றாலும் கோப்பை கிடையாது. ஆனால் கேப்டன் பெண் அன்று வெளுத்து வாங்கினாள். அதுவரை நாட்டுக்காக ஒரு கோலும் போடாதவள், வரிசையாக மூன்று போட்டாள். களைத்தவர்களை வெளியே எடுத்து, வேறு ஆட்களை இறக்கிக்கொண்டே இருந்தார் பயிற்சியாளர். பெஞ்சக்கா கோல் கம்பத்துக்குப் பின்னால் சிதறிக் கிடந்த பந்துகளை வலைப்பையில் பொறுக்கிக்கொண்டிருந்ததால் யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று கவனிக்கவில்லை. பையோடு திரும்பியபோது பயிற்சியாளர் அவளைப் பார்த்தார்.

“ஜாக்கெட்டக் கழட்டு.”

“எதுக்கு மேடம்?”

“குளிக்கறதுக்கா கூப்பிடுவாங்க? பத்து நிமிஷம்தான் இருக்கு. உள்ள போ!”

முதல் கோல்கீப்பர் வெளியே வரும்போது பெஞ்சக்காவின் தோளில் தட்டினாள். அந்தத் தட்டலுக்குப் பிறகு யாரும் அவள் பக்கம் வரவில்லை. ஆட்டம் முழுக்க எதிர்ப்பாதியில் நடந்தது. பெஞ்சிலாவது பக்கத்தில் ஆள் இருக்கும். இங்கே இரண்டு கம்பங்களும் முதுகுக்குப் பின்னால் ஒரு வலையும் மட்டும். “லெஃப்ட்ல பாரு! ஆள விடாத!” என்று கத்தினாள். காற்று வாங்கிக்கொண்டது. ஒரே ஒரு தடவை தடுப்பாட்டப் பெண் பந்தை அவளுக்குத் தள்ளிவிட்டாள். சொந்த அணி காலால் தருவதைக் கையால் தொடக்கூடாது. ஓங்கி உதைத்தாள். அது போய்க்கொண்டிருக்கும்போதே விசில் ஊதிவிட்டது.

இப்போது கிடங்கில் யாராவது பேச்செடுத்தால், “நாட்டுக்காக ஒரு மேட்ச் ஆடியிருக்கேன்,” என்பாள்.

“எத்தன கோல் போட்டீங்க?”

“நான் கோல் கீப்பருங்க.” அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

அணியின் மசாஜ்காரர் சொல்லிப் பின்னாளில்தான் அவளுக்கு விஷயம் தெரியவந்தது. ஓர் ஆட்டத்தில் ஆறு பேரைத்தான் மாற்றலாம். ஏழாவது ஆள் இறங்கினால் அது வெறும் பயிற்சி ஆட்டமாகிவிடும். அதில் ஆடியதோ போட்ட கோலோ யாருடைய பெயரிலும் ஏறாது. பெஞ்சக்கா ஏழாவது. பயிற்சியாளர் தயங்கியிருக்கிறார். தண்ணீர் குடிக்க ஓரத்துக்கு வந்த கேப்டனிடம், “உன் மூணு கோலும் போயிடும்டி,” என்றாராம்.

“போனாப் போகுது மேடம். அக்காவ இறக்குங்க,” என்று சொல்லிவிட்டு அவள் ஓடிவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தக் கேப்டன் பெண் நாட்டுக்காக ஒரு கோலும் போடவில்லை.